படத்துக்கு முன்னால் ஒரு பட்டன் ரோஸ்

பூந்தொட்டி வியாபாரத்தில் விற்பது சுலபம்; விற்ற செடி போன வீட்டில் பிழைத்துக் கிடப்பதுதான் பெரும்பாடு. ஆசையாக வாங்கிய செடி ஒரே வாரத்தில் மொட்டையாகி நொந்துபோனவர்களே, உங்கள் திட்டையெல்லாம் கே.கே. நகர்க் கடையில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் நான்.

பேசினால் விழும் மொட்டு

காமாட்சி அக்கா பட்டன் ரோஸ் தொட்டி வாங்கியது, இறந்துபோன கணவரின் படத்துக்கு முன்னால் வைக்க. பறித்த பூ அவருக்குப் பிடிக்காதாம். அதனால் மாலைக்குப் பதில் செடி. "மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், காலை வெயில் படட்டும்" என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார், கை நிறைய உதிர்ந்த மொட்டுகளோடு.

"சும்மா விழுகல தம்பி. நான் அவருகிட்டப் பேசப் பேச விழுகுது."

பழத்தட்டு

புதுத் தொட்டி ஒன்றோடு வீட்டுக்கே போனேன். காற்றுப் புகாத பூஜை அலமாரி. உள்ளே படம், செடி, ஒட்டினாற்போல் கனிந்த வாழைப்பழச் சீப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழுக்கிற பழம் விடும் வாயு பட்டால் மொட்டு உதிரும். இதற்காகவே எங்கள் செடிகளைப் பழ லாரியில் ஏற்றவிட மாட்டோம். விளக்கிச் சொல்லி, படத்தையும் புதுச் செடியையும் ஜன்னலோரம் மாற்றி வைத்தேன். அக்கா முகம் தெளியவில்லை.

"கடைசி நாள் காலையில சண்டை தம்பி. காபியக்கூடக் குடிக்காமப் போனவரு, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுலயே போய்ச் சேந்துட்டாரு. அந்தக் கோவத்துலதான் உதுத்துவிடுறாருன்னு இருந்தேன். அதுவும் இல்லைன்னா, கோவம் தீந்துச்சான்னு யாருகிட்டக் கேக்குறது?"

அலமாரிக்குள்

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்குத் தொட்டி இறக்கப் போனவன், அக்கா வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். படமும் செடியும் அலமாரிக்கே திரும்பியிருந்தன. கதவைத் திறந்ததும் பழ வாசம் மூக்கில் ஏறியது. சுற்றிலும் தோல் கறுத்த பழச் சீப்புகள். நடுவில் செடி கொள்ளாத பூ. கீழே ஒரு மொட்டுகூட இல்லை. கிளையை லேசாக உலுக்கிப் பார்த்தேன். உதிரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பயந்துதான் போனேன். படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபி, ஆவி பறக்க இருந்தது. அக்கா முதல் முறையாகச் சிரித்தார்.

"நீங்க சொன்ன அதே பழந்தான் தம்பி. இம்புட்டு வச்சும் ஒன்னுகூட விழல பாருங்க. கோவம் தீந்துருச்சு."

இப்போதும் பூந்தொட்டியைப் பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் விற்கிறேன், யாருடைய படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு.