விசிலுக்கு முன்னால் அடித்த மணி

நேற்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.16-க்குக் கல்லாற்றங்கரை டீக்கடை ஒன்றில் மணி அடித்தது. கடைக்காரர் செல்வராணி விசில் ஊதியது 2.17-க்கு. முதல் நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராப் பெட்டிக்குள் பதிவானது. பொறியாளர் மீனாட்சி அதைச் சாயங்காலம் டவர் வந்ததும் போனில் எனக்கு வாசித்தார். இரண்டாவது நேரம் செல்வராணியின் நோட்டில் இருக்கிறது. அதை அதே போனில் அவரே வாசித்தார். இரண்டு கடிகாரமும் ஒன்றுபோல ஓடுகின்றனவா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். காலையில்தான் சரிபார்த்தோம் என்றார்கள்.

மணி அடித்தபோது நான் ரயிலில் பாறசாலையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். சம்பவம் நடக்கும்போது அங்கே இல்லாமல் இருப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம். ஆற்றோடு போனவர்களைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். எல்லாமே மறுநாள் எழுதியவை. ஒரு தடவையாவது முந்தின நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அக்டோபர் முதல் வாரம் திருவனந்தபுரம் போனேன். பொன்முடி போகிறவர்கள் கல்லாற்றில் இறங்கிக் குளிக்காமல் வருவதில்லை. அதனால் இந்தப் பதிவு அவர்களுக்கும்.

சனிக்கிழமை காலை நாகர்கோவிலிலிருந்து ரயில். 7.55-க்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, எதிரே பஸ் பிடித்துக் கழக்கூட்டம் போனேன். 16 கிலோமீட்டர், டிக்கெட் 26 ரூபாய், நேரம் 55 நிமிடம். பாதி நேரம் பாலத்துக்குக் கீழே நின்றோம். நடந்திருந்தால் முன்னாலேயே போயிருக்கலாம் என்று மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

மீனாட்சியின் அலுவலகம் ஒரு வாடகை வீட்டின் மாடி. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு, திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துக்காரர். அலுவலகத்தில் எல்லோரிடமும் மலையாளம், என்னிடம் வீட்டுத் தமிழ்.

“வாங்கோ சார், இப்படி உக்காருங்கோ. முதல்ல எங்க அசட்டுத்தனத்தைச் சொல்லிடறேன். அப்புறம் பெட்டியைக் காட்டறேன்.”

அசட்டுத்தனம் இதுதான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அவர்கள் வைத்த ஏற்பாட்டில் கேமரா கல்லாற்றில், மூளை கழக்கூட்டத்தில். கேமரா படத்தை சிம் கார்டு வழியாக அனுப்பும். இங்கே இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத் தண்ணீர் ஏறுகிறதா என்று சொல்லும். வெயில் நாளில் மூன்று நொடியில் பதில் வந்தது. மலையில் மழை கொட்டினால் அந்தப் பக்கத்து டவர் போய்விடும். ஒரு நாள் வெள்ள எச்சரிக்கை நாற்பது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்குள் வெள்ளம் வடிந்து, ஆட்கள் மறுபடியும் குளிக்க இறங்கியிருந்தார்கள்.

“எப்போ வேணுமோ அப்போ இல்லை. அதாக்கும் விஷயம்” என்றார் மீனாட்சி.

இப்போது மூளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. உள்ளே கைக்கு அடங்கும் ஒரு பலகை. அதில் இருக்கும் கம்ப்யூட்டர் சில்லு படத்தை அங்கேயே பார்த்து, அங்கேயே முடிவு செய்து, கம்பி வழியாக மணியை அடிக்கிறது. டவர் இருந்தால் ஒரு வரிச் செய்தி மட்டும் வெளியே போகும், இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்கு ஆகிற மின்சாரம் போதும் என்பதால் சோலார் தகடும் பேட்டரியும் தாங்குகின்றன. பழைய முறையில் மாதாமாதம் ரீசார்ஜ் செய்தே சலித்துவிட்டதாம்.

“படமெல்லாம் எங்கே போகிறது?” என்று கேட்டேன்.

“எங்கேயும் போறதில்லை. பெட்டி பார்த்துட்டு மறந்துடும். மணி அடிச்சா மட்டும் அந்தப் பத்து நிமிஷம், தண்ணி இருக்கிற பட்டையை மட்டும் வெட்டி வெச்சுக்கும். அதுக்குக் காரணம் செல்வராணி. நாளைக்கு அவாகிட்டயே கேளுங்கோ.”

ஞாயிறு காலை 6.40-க்குத் தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறினேன். நெடுமங்காடு, விதுரை வழி. கல்லாறு 45 கிலோமீட்டர், டிக்கெட் 62 ரூபாய், இறங்கியது 8.35. விதுரை தாண்டியதும் போனில் சிக்னல் விழுந்து எழுந்து, பிறகு எழவே இல்லை. கல்லாற்றில் வெயில். பொன்முடி உச்சி மேகத்துக்குள் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே முதுகு காயும்போதே மேலே மழை பெய்து முடிந்திருக்கும் என்பதுதான் இந்த ஆற்றின் சிக்கல். உருண்டைக் கல்லின்மேல் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது.

செல்வராணிக்கு நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கணவர் கழக்கூட்டத்தில் அடுக்குமாடிக் கட்டிடங்களில் கொத்தனார், சனிக்கிழமைதோறும் வருவார். ஆற்று வளைவில் பதினோரு வருடமாகக் கடை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்குகிறது. இந்த வளைவுக்குக் காவலர் கிடையாது. யாரும் சொல்லாமலேயே அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். விசில் ஊதிய ஒவ்வொரு நேரத்தையும் நோட்டில் எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன்.

“போலீஸ்காரங்க வந்தா நேரம் கேப்பாங்கல்லா சாரே. ஒருக்கா வாய் வழியாச் சொல்லி மாட்டிக்கிட்டேன். பின்னே எழுதிருவேன்.”

படத்தை மறக்கும் பெட்டி பற்றிக் கேட்டதும் சிரித்தார். முதல் கேமரா குளிக்கும் இடத்தைப் பார்த்தபடி இருந்ததாம். “பொம்பளையாள் குளிக்கிற எடம். படம் எங்ஙனயோ ஆபீசுக்குப் போகுதுன்னா சும்மா விடுவனா? பொம்பளையாள் எறங்கினா ஈரத்துண்ட எடுத்து அதும் மூஞ்சில போட்டுருவேன். ரெண்டு நாளா வெள்ளையாத் தெரியுதுன்னு லென்ஸ் தொடைக்க மூணு இஞ்சினியர் வந்தாங்க. துண்டத் தூக்கிக் காட்டுனேன். மீனாட்சி மேடம் அங்ஙனயே உக்காந்துட்டாங்க.”

அதற்குப் பிறகுதான் கேமரா மேல்பக்கம் திரும்பியது. இப்போது அது பார்ப்பது ஆட்களை அல்ல. வளைவுக்கு மேலே கோடு போட்ட ஒரு பாறையையும் அதைச் சுற்றி ஓடும் தண்ணீரின் நிறத்தையும்.

பகல் முழுக்கக் கடை பெஞ்சில் உட்காரவும் எழவுமாக இருந்தேன். புட்டும் கடலையும் 50 ரூபாய். நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகத் தேதி, நேரம். ஒரு தேதிக்கு எதிரே மட்டும் நேரம் இல்லை; ‘நான் இல்லை’ என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், நாத்தனார் இறந்து ஒரே ஒரு நாள் ஊருக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு மதியம் தண்ணீர் வந்தது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் போய்விட்டார். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் செல்வராணி கல்லாற்றை விட்டு நகரவில்லை.

இந்த மாதம் நகர்ந்தாக வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம். அம்பாசமுத்திரத்து வீட்டில் இருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துலாமழை என்கிற ஐப்பசி மழை கொட்டும் நாட்கள் அவை.

“ஜீப் சசிகிட்ட விசிலைக் குடுத்துட்டுப் போலாம். ட்ரிப்பு வந்தா அவன் போயிருவான். பெட்டி தானா ஆத்துக்குள்ள கேக்க அடிச்சா நான் போவேன். அடிக்கலேன்னா மகட்ட என்ன சொல்லன்னு தெரியல.”

சசி பக்கத்துப் பெஞ்சில்தான் இருந்தார். முந்தின நாள் பெட்டி ஒரு தடவை வீணாக அடித்ததற்கு அவர்தான் காரணம். மேல்துறையில் ஜீப்பை இறக்கிக் கழுவியிருக்கிறார். செம்மண் கரைந்து தண்ணீர் சிவக்க, மணி அடித்துவிட்டது.

“அண்ணாச்சி, ஞான் வண்டி கழுகியா வெள்ளப்பொக்கமா? பெட்டிக்குக் கண்ணு சரியில்லா” என்றார் பாதி மலையாளத்தில்.

“உன் ஜீப்புல உள்ள அழுக்குக்கு மூணு தடவ அடிச்சிருக்கணும்” என்றார் செல்வராணி.

மூன்று மணிக்கு மீனாட்சி அலுவலகக் காரில் வந்து சேர்ந்தார். அப்போது ஆற்றின் நடுப்பாறையில் கோவில்பட்டியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது, ஆறு பேர். அதில் மூட்டுவலிக்கார மாமியார் ஒருவர். வானம் நீலம். செல்வராணி டீ ஆற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் கிளாஸை வைத்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். நேரம் 3.41. எனக்குத் தண்ணீரில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

“அக்கா, அஞ்சே நிமிசம், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துர்றோம்” என்று பாறையிலிருந்து ஓர் ஆள் கத்தினார்.

“எதுக்கு, மாலை போட்டு மாட்டவா? வெளிய வாங்கலே! மொதல்ல ஒங்க அம்மையப் பிடி!”

இறங்கினார்கள். மாமியாரை இரண்டு பேர் தாங்கி ஒவ்வொரு கல்லாக வந்தார்கள். 3.44-க்குக் கடைக்குள் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்தது. 3.45-க்குக் கடைசி ஆள் கரையேறினார். 3.46-க்கு நடுப்பாறை இல்லை. டீ நிறத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. போட்டோ கேட்டவர் கரையில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

பெட்டி தவறு செய்யவில்லை. டவர் அப்போதும் இல்லை. பழைய ஏற்பாடாக இருந்தால் ஒன்றுமே வந்திருக்காது. ஆனால் அந்தக் குடும்பம் கரையேற நான்கு நிமிடம் ஆனது. மணி மட்டும் இருந்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டு. அந்தக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. செல்வராணி சொன்னார்.

“மேடம், ஒங்க பெட்டி என் விசிலைக் கேட்டுட்டு அடிச்சுதோ?”

மீனாட்சி சிரிக்கவில்லை. “நீங்க எதைப் பார்த்தேள்? அதைச் சொல்லுங்கோ.”

“சருகுதான். மொதல்ல காஞ்ச எலை வரும், கொத்தா. மூங்கில் தோலு வரும். நொரை வரும். பொறவுதான கலங்கும்? கலங்கினதுக்குப் பொறவு ஏறும்.”

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?”

“நீங்க தண்ணியப் பத்தித்தான கேட்டீங்க? எலையப் பத்திக் கேக்கலியே.”

மீனாட்சி மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, அதில் சேமித்து வைத்திருந்த பழைய பத்து நிமிடப் பட்டைகளை ஓட்டினார். ஒவ்வொன்றிலும், தண்ணீர் நிறம் மாறுவதற்கு முன்னால், சருகுக் கொத்துகள் போயின. எல்லாமே படத்தில் இருந்தன. அதைப் பார் என்று பெட்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செல்வராணி திரையில் விரல் வைத்து, இது சருகு, இது வெறும் நிழல், இது சசி தின்று எறிந்த வாழையிலை என்று பிரித்துக் காட்டினார். ஐந்தரை மணிப் பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். மீனாட்சியின் காரில் திரும்பினோம்.

திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. விடுதி அறையில் உட்கார முடியாமல் கழக்கூட்டத்துக்கே போனேன். மீனாட்சி காலை முதல் படத்தில் சருகைக் குறித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் பெரிய கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். கற்றது சுருங்கி ஒரு சின்னக் கோப்பாகி அந்தச் சில்லுக்குள் அடங்க வேண்டும். சாயங்காலம் முதல் தடவை அடங்கவில்லை. இரண்டாம் தடவை அடங்கியது. செவ்வாய் காலை அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு அவர் கல்லாற்றுக்குக் கிளம்பினார். நான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். மாற்றியிருக்க வேண்டும்.

பிற்பகல் 2.16, 2.17. தண்ணீர் ஏறியது 2.21. நடுப்பாறையில் அன்று யாரும் இல்லை. ஒரு தடவை என்பது ஒரு தடவைதான். இதை வைத்துப் பெட்டி விசிலை வென்றுவிட்டது என்று எழுத மாட்டேன். செல்வராணியும் அப்படிச் சொல்லவில்லை. “நான் அப்ப அடுப்பப் பாத்துட்டு இருந்தேன் சாரே” என்றார். பிறகு, “அதுக்கு அடுப்பு இல்லல்லா” என்றார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர், நவம்பரில் கல்லாற்றில் குளிப்பதென்றால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நண்பகலுக்குப் பிறகு கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். தலைக்கு மேலே இருக்கும் வானத்தை நம்பாதீர்கள், பொன்முடி உச்சியைப் பாருங்கள். கொத்தாகச் சருகு வந்தால் பை, செருப்பு எதையும் எடுக்க நிற்காமல் வெளியே வாருங்கள். வயதானவர்களை நடுப்பாறைக்கு அழைத்துப் போகாதீர்கள். போன் பெரும்பாலும் வேலை செய்யாது. கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கல்லாற்றிலிருந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவு ஏறினால் பொன்முடி. கடைசிப் பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஜீப்பை மேல்துறையில் கழுவ வேண்டாம். சசி இப்போது கீழ்த்துறைக்குப் போகிறார்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. கடைக்குள் அடிக்கும் மணி ஆற்றில் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஆற்றங்கரைக் கம்பத்தில் பெரிய சைரன் மூன்று வாரமாகத் தொங்குகிறது, பெட்டியோடு இணைக்கவில்லை. ஆள் இல்லாமல் தானாக ஊத ஊராட்சியின் அனுமதி வேண்டும். சனிக்கிழமை ஜீப் விவகாரம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. நாளை, வியாழக்கிழமை, காலை 11 மணிக்குக் கூட்டம். பெட்டியின் பதிவோடு மீனாட்சியும் நோட்டோடு செல்வராணியும் போகிறார்கள். அனுமதி கிடைத்தால் அன்று மதியமே இணைத்துவிடலாம் என்கிறார் மீனாட்சி. அம்பாசமுத்திரம் போக செல்வராணி நினைத்திருப்பது வெள்ளிக்கிழமை காலை.

பை கட்டியாயிற்றா என்று நேற்று கேட்டேன்.

“பாதி கட்டியிருக்கேன் சாரே. விசில உள்ள வைக்கல.”