கனகம்மாக்காவின் கிணறு

பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் கதைக்கவே கூசுகிறவன் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பம்ப் வைத்துக் கிணறு இறைக்கும் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது. அது என் அண்ணனைப் பற்றியதும்தான்.

1. மாமி

எங்கள் வீடு நாவற்குடாவில். எங்களிடம் இருந்தது இரண்டு இஞ்ச் வோட்டர் பம்ப் ஒன்று. போகத்துக்குப் போகம் பழுகாமத்து வட்டைகளில் வயலுக்குத் தண்ணீர் இறைப்போம். ஸ்டார்ட் ஆகமுன் அது நாலைந்து தரம் இருமும். அதனால் அண்ணன் அதை மாமி என்பார். “மாமிக்கு இண்டைக்கு மனசில்ல. கொஞ்சம் தண்ணி பருக்கு” என்றால், பம்புக்குள் தண்ணீர் ஊற்றிப் பிரைம் பண்ணச் சொல்கிறார் என்று அர்த்தம்.

வேலை தருகிறவர்களோடு கதைப்பது அவர்தான். சென்றிக் காவலரணில் ஆமி மறித்துப் பம்பைத் தட்டிக் கேட்டாலும் பதில் சொல்வது அவர்தான். நான் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நிற்பேன்.

“ஏன்டா பொம்புளை பாக்க வந்தவன் மாதிரி ஒளிக்கிறாய்? கிணறு உன்னக் கட்டப்போறல்ல” என்று எல்லாருக்கும் முன்னால் சிரிப்பார். பிறகு நான் சொல்லவேண்டிய பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

2. கொட்டு சரிந்தது

சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பும் சேறும். நாள் முழுக்க இறைத்தோம். கொஞ்ச நாளில் அண்ணனுக்கு ஒன்று பிடிபட்டது. மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கும். ஒரு தரம் மெதுவாக இறைத்து, சேற்றை அள்ளிவிட்டு, மழைக்கு விடவேண்டும். திரும்பத் திரும்ப இறைத்தால் அடி உப்பு ஏறும். மணல் இழுபட்டுக் கொட்டு, அதாவது கிணற்றுக்குள் இறக்கும் சீமெந்து வளையம், சரிந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் கனகம்மாக்காவின் கிணற்றையும் அப்படி ஒரு தரம் இறைத்தோம். அவவின் புருசனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அகதி முகாமிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்து கிணற்றை எட்டிப் பார்ப்பா.

“மறுகா ஒருக்கா இறைங்க தம்பி. அவரக் கொண்டுபோன தண்ணி ஒரு சொட்டும் இதுக்க இரிக்கப்படா.”

“மழை பெய்யட்டும் அக்கா. இப்ப இறைச்சா கிணறு கெட்டிரும்” என்றார் அண்ணன்.

அவ கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதா. எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த நாள் அண்ணன் டவுனுக்குப் போன நேரம், யாருக்கும் சொல்லாமல் மாமியைக் கொண்டுபோய் அடிமணல் தெரியும்வரை இறைத்தேன். பின்னேரம் மூன்று கொட்டுகள் சரிந்தன. ஊறிவந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

கனகம்மாக்கா வந்து பார்த்துவிட்டுக் கத்தின கத்தலில் ஒழுங்கையே கூடிவிட்டது. அண்ணனும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

“நான்தான் இறைச்ச அக்கா” என்றார்.

“எனக்குப் படிப்பிச்சிட்டு நீயே வந்து கெடுத்தியா?”

“கணக்குப் பிழைச்சிட்டு.”

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார்: “எனக்கு வாய் இரிக்கி, நான் சமாளிப்பன். உனக்கு என்னடா இரிக்கி?”

அடுத்த மாரி முடிந்ததும் அண்ணனே கொட்டுகளைத் திரும்ப இறக்கிக் கொடுத்தார். கனகம்மாக்கா தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவும் இல்லை.

3. முப்பத்தோராம் நாள்

சண்டை முடிந்த வருசம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சோற்றுக்குக் கனகம்மாக்கா வரவில்லை. அன்று பின்னேரம் நான் அவ வீட்டுக்குப் போனேன். சொல்லவேண்டியதை வழியில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

“அக்கா, அண்டைக்குக் கிணத்த இறைச்சது அண்ணன் இல்ல. நான்.”

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

“இத எப்ப வந்து சொல்றாய் நீ?”

இலைத் தட்டைத் தள்ளி வைத்தா.

“ஒழுங்கைக்குள்ள உன்ட அண்ணன் சைக்கிள்ல எதிர வந்தா நான் வேலிப் பக்கம் திரும்பி நிக்கிற. அப்பயும் பெல் அடிச்சிட்டுத்தான் போவார். ஒருநாளும் நான் திரும்பிப் பாக்கல்ல. இப்ப ஆரப் போய்ப் பாக்கிற? சொல்லன்!”

எனக்காகப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

“போ மனே, போ” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டா.

தம்பிமாரே, கடல் புகுந்த கிணற்றை ஒரு தரத்துக்கு மேல் இறைக்காதீர்கள். பிழை விட்டால் அன்றைக்கே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

நான் போய்ச் சொன்னதற்கு அடுத்த நாள் காலையில் கனகம்மாக்கா அண்ணி வீட்டுக்குப் போனா. என்ன கதைத்தா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்று கல்லடியில் வேலை இருந்தது.