ஸ்வீட் டூத் இருக்கிறதா என்று கேட்டார்

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதமும் எனக்குப் பல்வலி. எண்பதுகளின் கடைசி அது. பாகலூர் சாலைப் பக்கம் ஒரு வீட்டை எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்து, வெளியூர்ப் பெண்களைத் தங்க வைத்திருந்தது. மின்சார மீட்டருக்குள் போகும் சின்னச் சுருள்களை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்து, நல்லது கெட்டது பிரிப்பதுதான் எங்கள் வேலை. எட்டு மணி நேரம் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். குனிந்தால் வலது கடைவாய்ப் பல்லில் இருந்து காது வரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கும். நிமிர்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார்.

பல் கெட்டதற்கு நான்தான் காரணம். பாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றி எங்கும் கரும்புதான். வெல்லம் காய்ச்சும் நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராகக் கொப்பரை பக்கம்தான் போவேன். கன்னத்தில் ஒரு துண்டு வெல்லம் அடக்கிக்கொள்ளாமல் எனக்குப் படிப்பும் ஓடாது, தூக்கமும் வராது. ஓசூர் வந்தபோதும் துணிப்பெட்டியின் அடியில் ஒரு அச்சு வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன்.

வலியை வெளியே சொல்ல பயம். எங்களுக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்ந்த ஒரு பெண் மஞ்சள் காமாலையில் பத்து நாள் லீவு போட்டாள். ஆறு மாதம் முடிந்ததும் அவளை வேலையில் நிரந்தரமாக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லீவுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து தும்மல் வந்தால்கூட நாங்கள் அடக்கிக்கொண்டோம். எனக்கு வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. அப்பா என் மாமன் மகனுக்குப் பேசி வைத்திருந்தார். வேலை நிலைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த வழி.

பல் விஷயம் ஒருத்திக்கு மட்டும் தெரியும். என் அறைத்தோழி. கிருஷ்ணகிரியில் மளிகை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவள், அமைதியானவள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவள் அம்மா கொடுத்தனுப்பும் தம்ரூட் என்கிற ரவை இனிப்பில் பாதியை எனக்குத் தந்துவிடுவாள். அதைத் தின்றுவிட்டு நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதையும் அவள்தான் பார்த்தாள். கிராம்பு வாங்கி வந்து கொடுத்தாள். வரிசையில் எனக்குப் பக்கத்து மேசை அவளுக்கு. வலி தாங்காமல் நான் கை தளரும்போது என் தட்டிலிருந்து பத்துப் பதினைந்து சுருள்களைச் சத்தமில்லாமல் எடுத்து அவளே பார்த்துவிடுவாள்.

ஆறாவது மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்பார், அதில்தான் முடிவு என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் என் தோழி போனாள். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவள் மட்டும் கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். திரும்பி வந்தபோது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் கன்னடம் பேசும் ஒரு குமாஸ்தா அம்மாள். மேசையில் திறந்த பெட்டியில் மைசூர்பாகு. ஊர், படிப்பு, என்ன வேலை என்று கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளி, சிரித்துக்கொண்டே, "யு ஹேவ் எ ஸ்வீட் டூத்?" என்றார்.

டூத் என்றால் பல். ஸ்வீட் தின்று கெட்டுப்போன பல் உனக்கு இருக்கிறதா என்று கேட்கிறார். இவருக்கு எப்படித் தெரிந்தது?

"நோ சார். ஆல் டூத் குட் சார்" என்றேன். நம்பட்டும் என்று முன்பற்களை ஈ என்று காட்டவும் செய்தேன்.

அவர் குமாஸ்தா அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் கன்னடத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் மறுபடியும் பெட்டியைக் காட்டினார். இனிப்பை எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். போகலாம் என்று தலையசைத்தார்.

வெளியே வந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறும் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். ஏறியதும் தோழியிடம் கேட்டேன்.

"என் பல்லப் பத்தி உள்ள என்னா சொன்ன?"

"என்னாத்தப் பல்லு?"

"உன் வேல நிக்கணும்னு என்னியப் போட்டுக் குடுத்துட்ட இல்ல? திங்கறதுக்கும் குடுத்தாங்களா?"

பஸ்ஸில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். எழுந்து போய் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று சொல்ல முடியாது. எதிலும் நிலைகொள்ளவில்லை. சோற்றின் முன் உட்காருவேன், எழுந்துவிடுவேன். முடிவு எப்போது வரும் என்று அறிவிப்புப் பலகையை ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்ப்பேன். பக்கத்து மேசையில் அவள் குனிந்து வேலை செய்வாள், என் தட்டைத் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற பெண்களுக்குக் கொடுத்ததுபோல எனக்கும் ஒரு துண்டு தம்ரூட்டை என் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய்த் தெருநாய்க்குப் போட்டேன். போட்டுவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு கேன்டீனில் எங்களுக்கு ஒரு மணி நேரம் இங்கிலீஷ் வகுப்பு. மலையாளி டீச்சர் ஒருவர் வருவார். அந்த இரண்டாவது வாரச் சனிக்கிழமை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது பாடம். காரம், புளிப்பு எல்லாம் முடித்து, பலகையில் ஒரு வரி எழுதினார். ஐ ஹேவ் எ ஸ்வீட் டூத்.

என் வலி ஒரு நொடி நின்றே போனது.

இதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை, இனிப்பு என்றால் கொள்ளைப் பிரியம் என்று அர்த்தம் என்றார் டீச்சர். நாம் நாக்கைச் சொல்கிறோம், அவர்கள் பல்லைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். சாக்லேட்டை விட முடியாதவர்களைக் குடிகாரர்களை ஆல்கஹாலிக் என்பதுபோலச் சாக்கோஹாலிக் என்பார்களாம். வகுப்பே சிரித்தது. இன்னும் ஒன்றிரண்டு சொன்னார், என் காதில் விழவில்லை. இரண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் தோழி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு முன்பாக அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது.

வகுப்பு விட்டதும் சைக்கிள் கொட்டகை பக்கத்தில் அவளை நிறுத்தினேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "அவரு அதத்தான் கேட்டாரு" என்றேன்.

"என்னியும் அதத்தான் கேட்டாரு" என்றாள். "அர்த்தம் எனக்கும் தெரியாது. மைசூர்பாகக் காட்டிக் கேட்டதால யெஸ்ஸுன்னேன். ரெண்டு துண்டு குடுத்தாரு. ஒண்ண உனக்குன்னு கர்ச்சீப்புல மடிச்சி வச்சிருந்தேன்."

"அப்ப ஏன் பஸ்ல சொல்லல?"

"நீ கேள்வி கேக்கலயே. தீர்ப்பு தானே சொன்ன."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் தாடையைத் திருப்பி, வீங்கியிருந்த கன்னத்தை விரலால் தொட்டாள். நாளைக்கே பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், வேலை போனால் போகட்டும் என்றாள். மறுநாள் ஊருக்குப் போகாமல் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஊசி போட்டு, இடுக்கியை உள்ளே விட்டபோது நான் பிடித்துக்கொண்டது அவள் மணிக்கட்டை. நகம் பதிந்து அங்கே ரத்தம் கட்டியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

புதன்கிழமை கடிதங்கள் வந்தன. எங்கள் இருவருக்கும் வேலை நிரந்தரம். வலிக்காத வாயோடு என்ன செய்வதென்று தெரியாமல் நான் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். அவள் பேசினாள், சிரித்தாள், என் தட்டிலும் முன்புபோல உதவினாள். ஆனால் அறைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டபோது, அங்கே காற்று நன்றாக வருகிறது என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவளுக்குத் தேன்கனிக்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்து வேலையை விட்டாள். அவள் மேசைக்குச் சேலத்திலிருந்து ஒரு புதுப்பெண் வந்தாள். முதல் நாள் அவளுக்கு விளக்கை எந்த உயரத்தில் வைத்துக்கொள்வது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன்.