பிரசவ மேசையில் நான் ஏறி உட்கார்ந்தது

நர்சுகளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று எங்கள் மலையில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். கல்வராயன் மலையிலிருந்து ஆம்புலன்சில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். பிரசவ அறை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

எங்கள் ஊரில் மல்லாந்து படுத்துப் பெற மாட்டார்கள். தாயோ அத்தையோ பின்னால் உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்துக்கொள்வார்கள். நான் இவளைப் பெற்றதும் அப்படித்தான். இவளுக்கு வேறு தெரியாது. மேசையில் படுக்க வைத்தால் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"படுன்னா படுக்க மாட்டியா? புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது."

நர்சு தொடையில் ஓர் அடி வைத்தாள். சின்ன வயசுக்காரி.

நான் உள்ளே போய்விட்டேன்.

"அடிக்காத."

"உன்ன யாரு உள்ள வுட்டது? வெளிய போம்மா."

"போவ மாட்டேன். நான் பின்னாடி குந்திக்கறேன். எம்மேல சாஞ்சிக்குவா."

"இன்னா, உங்க வூடுன்னு நெனச்சிக்கினியா? டாக்டரம்மா வந்தா திட்டு எனக்குத்தான்."

அப்போதுதான் நர்சு முகத்தைப் பார்த்தேன். பயந்து போயிருந்தாள். பக்கத்து மேசையில் இன்னொருத்தி முனகிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் இவள் ஒருத்திதான்.

"எம்மேல போடு. மலக்காரி, சொன்ன பேச்சு கேக்கல, ஏறிக்கிச்சின்னு சொல்லு."

பதிலுக்கு நிற்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். மகள் என் மேல் சாய்ந்தாள். உடம்பு நடுக்கம் குறைந்தது.

"கீழ வுழுந்து வெக்காத, உன்னையும் நாந்தான் பாக்கணும்" என்றாள் நர்சு. ஆனால் என்னை இறக்கவில்லை.

தலை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை விட்டு நிதானமாக எடுத்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் முக்கு கண்ணு" என்று மகளின் முழங்காலைத் தடவினாள். அடித்த கைதான் அது.

பேத்தி பிறந்து அழுதாள்.

டாக்டரம்மா வந்தபோது நான் மேசையை விட்டு இறங்கியிருக்கவில்லை.

"உனக்கு அறிவிருக்கா?" என்றாள், நர்சைப் பார்த்து.

"நாந்தான் ஏறுனேன். அது வேணாம்னுதான் சொல்லிச்சு" என்றேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லார் முன்னாலும் நர்சை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் தலையைக் குனிந்து நின்றாள். மேலே இருந்து விழுவதுதானே கீழே இறங்கும். பக்கத்து மேசைக்காரி தொடைக்கு அடுத்த அடி என்று நினைத்தேன்.

டாக்டரம்மா போய்விட்டாள். பக்கத்து மேசைக்காரியின் அம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சு அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? கைய கழுவிக்கினு உள்ள வா."