பவளக்காலி அடைகாத்த வரப்பு

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றதுமே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

“ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுத்திக்கிட்டுத்தான் போகணுமாக்கும்? நம்ம ஊர்ல வளையலே விக்கலையா?”

“விக்குது. கோயில் வாசல்ல வாங்குன மாதிரி ஆகுமா? பேசாம ஏறுங்க” என்றேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவழி என்றாலே அவருக்கு ஆகாது. டிரைவர் முருகேசன் எங்கள் தெருக்காரர்தான். இரண்டு பக்கமும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

போகிற காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் பொன்னி தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலில் இருக்கிறாள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தையொட்டிய உவர்நிலத்தில் பறவைகளைக் கணக்கெடுப்பதுதான் அவளுக்கு வேலை. மாப்பிள்ளை அந்தோணி அங்கே ஓர் உப்பளத்தில் எடைமேடை பார்க்கிறார். அவர் கிறிஸ்தவர், நாங்கள் இந்து. கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த கூத்து இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். இப்போது பொன்னிக்கு ஏழாம் மாதம். கைநிறைய வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் முறை. அழைத்து வரத்தான் புறப்பட்டோம்.

வருவதாக அவளே போனில் சொல்லியிருந்தாள். நான் முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும் கடைசியில் “சரிம்மா, வாரேன்” என்றாள். அன்றைக்கே உள்ளறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்க்கும் மருத்துவத் துணி யூனிட்டில் மெத்துமெத்தென்று இருக்கும் காஸ் துணியாகப் பார்த்து எடுத்து, குழந்தைக்கு எட்டு மடிப்பாகத் தைத்து வைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. கேட்டவர்கள் பாதிப் பேர், கேட்காதவர்கள் பாதிப் பேர்.

ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோயில் தெருவில் அப்போதுதான் கதவைத் திறந்த கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், டஜன் ஐம்பது ரூபாய். என் கைக்கும் ஒரு டஜன் போட்டுக்கொண்டேன். சம்பந்தி வீட்டுப் பக்கம் போகிறவர்கள் பால்கோவா வாங்காமல் இந்த ஊரைத் தாண்ட முடியாது. அதுவும் ஒரு கிலோ ஏறியது. பிறகு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி. எட்டயபுரம் தாண்டியதும் கரிசல்காடு வெடித்துக் கிடந்தது. தூத்துக்குடிக்குள் நுழைந்தபோது காற்றின் மணமே மாறிவிட்டது. திருச்செந்தூர் சாலையில் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள், தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரங்கள். கண் கூசியது.

“அண்ணாச்சி, நம்ம ஊர்ல பஞ்சுப் பேல் அடுக்கி வச்சாப்ல இல்ல?” என்றார் முருகேசன்.

“பஞ்சு தண்ணிய உறியும். இது தண்ணியில கரையும்லே” என்றார் என் வீட்டுக்காரர். வழி நெடுக அவர் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

ஒன்பதே காலுக்குப் பழையகாயல். நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டே அறை கொண்ட ஓட்டு வீடு, முன்னால் ஒரு குழாயடி, பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் வானம்வரை சதுப்புதான். மாப்பிள்ளை ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வந்தாள். கறுத்து, முகம் மட்டும் பூரித்துப் போயிருந்தாள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த வேகத்தில் சாமி படத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் அவளை உட்கார வைத்து, வளையல்களைப் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசினேன். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்று அவள் கையைக் குலுக்கினேன்.

“வெயில் ஏறுமுன்ன ஒரு எடத்தக் காட்டுதேன், வாங்க” என்றாள் அவள்.

“இந்த வயித்தோடயா?”

“தெனமும் போற எடந்தாம்மா. குடை பிடிச்சுக்கிட்டுப் போவோம்.”

மாப்பிள்ளை சமைப்பதாகச் சொல்லிப் பின்தங்கிவிட்டார். நாங்கள் மூவரும் வேலியைத் தாண்டினோம்.

கடலோரம் என்றால் அலையும் மணலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே அலையே இல்லை. தண்ணீர் சத்தமில்லாமல் ஓடைகளில் ஏறி, சத்தமில்லாமல் இறங்குகிறது. இறங்கிய இடமெல்லாம் மினுமினுக்கும் சேறு. அதில் நண்டுகள், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரியது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. விரல் நீள மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்தித் தத்தி நடக்கின்றன. என் கண்ணையே நான் நம்பவில்லை. ஓடைக்கரையில் அலையாத்தி மரங்கள். அவற்றின் வேர்கள் மண்ணைக் குத்திக்கொண்டு பென்சில் பென்சிலாக மேலே நிற்கின்றன, மூச்சுவிடுவதற்காம். மேட்டில் சிவப்பும் பச்சையுமாய் உமரிச் செடி. ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டால் உப்பு போட்டு வேகவைத்தது போலவே இருக்கிறது. தூரத்தில் கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மிதந்தன. அதற்கும் அப்பால் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

“பூநாரை. வடக்க போகாம தங்கிட்டது கொஞ்சம்” என்று பொன்னி பைனாகுலரை அப்பாவிடம் கொடுத்தாள். எல்லைக் காவலில் நின்ற பழக்கம், ஒரே திருகில் குறி வைத்துப் பார்த்தார். “ஏ யப்பா, எம்புட்டு உசரம்!” என்றார்.

அடுத்து ஒரு பழைய உப்புப் பாத்தியின் வரப்பு. அங்கே எங்களை நிறுத்தினாள். நான் கையை உயர்த்திக் குடையைச் சரி செய்தேன். என் வளையல்கள் கலகலத்தன. அவ்வளவுதான், கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பறவை கீச் கீச்சென்று கத்திக்கொண்டு எழுந்து எங்கள் தலைக்கு மேல் சுற்றியது. குச்சி போன்ற நீண்ட கால்கள், அத்தனையும் செம்பவள நிறம்.

“கைய ஆட்டாதம்மா. பவளக்காலி. முட்டை கெடக்கு.”

வளையல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றேன். வரப்பில் நத்தை ஓட்டுத் துண்டுகளும் காய்ந்த உமரிக் குச்சிகளும் பரப்பி, நடுவில் புள்ளி போட்ட நாலு முட்டைகள். கூரை இல்லை, நிழல் இல்லை. அந்த வெயிலில் நாங்களே வதங்கிப்போனோம். முட்டை என்னத்துக்கு ஆகும்?

சிறிது நேரத்தில் பறவை இறங்கியது. நேரே முட்டைக்குப் போகாமல் பாத்தித் தண்ணீரில் இறங்கி, அடிவயிற்றை நன்றாக நனைத்து, சொட்டச் சொட்ட வந்து முட்டையின்மேல் அமர்ந்தது.

“குளிர வைக்குதா!” என்றேன்.

“ஆமா. சூட்டுல முட்டை வெந்துரக் கூடாதுல்ல?”

“தாய்னா தாய்தான்” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மகள் சிரித்துவிட்டாள்.

“இது அப்பன்ம்மா. முதுகு கன்னங்கரேல்னு இருக்கு பாரு. தாய் அந்தா மேயுது. செத்த நேரத்துல அது வரும், இது எந்திரிக்கும். ரெண்டும் மாத்தி மாத்தித்தான் உக்காரும்.”

எனக்கு நன்றாகவே மூக்கு உடைந்தது. சமாளிப்பதற்காக, “சரி, வீட்டுக்குப் போய்த் துணிமணிய எடுத்து வைப்போம். நாலு மணிக்காவது கெளம்பணும்” என்றேன்.

பொன்னியின் சிரிப்பு நின்றது. “அம்மா, நான் வரல.”

“என்னட்டி சொல்லுத? நீதான போன்ல வாரேன்ன?”

“போனை வைக்கதுக்குச் சொன்னேன்ம்மா! நம்ம ஊர்ல யாராச்சும் போறேன்னு சொல்லிட்டா போனை வைப்பாங்க?”

அசடு வழிய நின்றேன். உண்மைதான். வீட்டை விட்டு இறங்கும்போதும் ‘வாரேன்’, போனை வைக்கும்போதும் ‘வாரேன்’. போகிறவளின் வார்த்தையை வருகிறவளின் வார்த்தையாக எடுத்துக்கொண்டு ஓர் அறைக்கு வெள்ளையே அடித்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

“ஆஸ்பத்திரி அரை மணி நேரத்துல இருக்கும்மா. பதிஞ்சாச்சு. ஆனா அது மட்டும் இல்ல” என்றாள். “பிள்ளை பொறக்கையில உங்க மாப்பிள்ளை பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படுதாவ. அங்க வந்துட்டா, எல்லாம் முடிஞ்ச பொறவு போன்ல சொல்லுவீங்க. அவிய லீவு கேட்டு, பஸ் ஏறி, மறுநாள் வந்து எட்டிப் பாக்கணும். ஆனா அவியட்ட கேட்டா, ‘உங்க அம்மா ஆசைப்படுதாங்க, போயிட்டு வா’ன்னுதான் சொல்லுதாவ. ராத்திரி தூங்கல, நான் பாத்தேன்.”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லட்டி? நீங்களாச்சும் சொல்லுங்க” என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. “நான் இவள மொதமொதல்ல பாக்கையில இவளுக்குப் பல்லு மொளைச்சிருந்துச்சு” என்றார். “காஷ்மீர்லருந்து ரயிலு மாறி மாறி வந்தேன். தூக்குனேன். யாரோ எவனோன்னு வீல்னு கத்துனா. உன் கைக்குத் தாவிட்டா.”

இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்கள் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் கூடச் சிரித்திருக்கிறார். அந்த வரப்பில் யாரும் சிரிக்கவில்லை. சொன்னது போலவே மேய்ந்துகொண்டிருந்த பறவை நடந்து வந்தது. உட்கார்ந்திருந்தது எழுந்து வழிவிட்டது. நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு. மாப்பிள்ளை நண்டுக் குழம்பு வைத்திருந்தார். ருசி பிரமாதம், எனக்குத்தான் இறங்கவில்லை. கதவோரம் ஒரு பெரிய பை தயாராக இருந்தது. பொன்னியின் பை, கட்டியவர் மாப்பிள்ளை.

“மாத்திரை எல்லாம் முன் ஜிப்புல இருக்கு அத்தை. ஸ்கேன் பைலும் அதுலயேதான். ராத்திரி இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுப்பா. முதுகுக்கு இந்தத் தலகாணி வச்சாத்தான் தூக்கம் வரும், அதையும் உள்ள வச்சிருக்கேன்” என்றார்.

இரண்டு மணிக்கு அவருக்கு வேலை. கிளம்பும்போது பொன்னியின் முகத்தை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. “வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லுங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் படுத்திருந்தாள். நான் அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவளை என் வீட்டில் வைத்து, என் கையால் எண்ணெய் தேய்த்து, பத்தியச் சோறு வடித்துப் போட வேண்டும் என்று எத்தனை நாளாக ஆசைப்பட்டிருக்கிறேன்! பையைத் திறந்து தலையணையை எடுத்தேன். பழைய வேட்டியில் உறை. நடுவில் அவள் முதுகு அழுந்தி அழுந்திப் பள்ளமாகியிருந்தது. அதைக் கொண்டுபோய் அவள் முதுகுக்கு அணைத்து வைத்தேன். தூக்கத்திலேயே அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

மூன்றரை மணிக்கு முருகேசன் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். வீட்டுக்காரர் செருப்பை மாட்டினார்.

“நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்” என்றேன்.

“எம்புட்டு நாளு?”

“பிள்ளை பொறக்குற வரைக்கும். பொறவு பாப்போம்.”

“யூனிட்ல என்ன சொல்லுவ? என் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?”

“யூனிட்டுக்கு நான் போன் போட்டுக்கிடுதேன். பட்டாளத்துல நானா வந்து உங்களுக்குப் பொங்கிப் போட்டேன்?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். “உன் சேலை ரெண்டை பஸ்ல குடுத்து விடுதேன்” என்று ஏறிக்கொண்டார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. திரும்பினால், வாசற்படியில் பொன்னி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நெசமாவே இருக்கியாம்மா?” என்றாள்.

“எனக்கு மாத்திக்க ஒரு துணி குடுட்டி” என்றேன். கொண்டுவந்ததெல்லாம் குழந்தைக்கான துணிதான்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடைசியில் ஊர் திரும்ப வேண்டும். நான் இதைப் பழையகாயலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இராஜபாளையத்தில் இந்நேரத்துக்கு மேற்கு மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும், மில் சங்கு ஊதும். இங்கே காற்று பிசுபிசுக்கிறது. மகளின் நைட்டி எனக்கு இறுக்கம். குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் கரிக்கிறது.

ஆனால் அன்று மாலை பார்த்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு மணிக்கு மேல் மாப்பிள்ளை வந்தார். கார் நின்ற இடத்தைப் பார்த்தார். டயர் தடம் மட்டும் இருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. ஒரு செருப்பைக் கழற்றினார், மற்றதைக் கழற்ற மறந்து சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீ ஆறுது. வந்து குடிக்கப் போறீகளா இல்லையா?” என்று அடுப்படியிலிருந்து பொன்னி சத்தம் போட்டாள்.

ஒற்றைச் செருப்போடு எழுந்து கதவுவரை வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அத்தை… போகலையா?”

“போகல. நாங்க ரெண்டு பேரும் இங்கதான். காலக் கழுவிட்டு வாங்க, டீ குடிக்கலாம்” என்றேன்.

குழாயடிக்குப் போனார். கால் கழுவப் போனவர், முகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.