ஒரு ஸ்டேஷன் குறைகிறது

“பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால்…” முகமெல்லாம் சவரச் சோப்பு நுரையோடு தியாகராஜா ஸ்டேஷன்களை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். கோலகங்சார் வரும்போது இடது கன்னம் முடியும். செமோரில் மோவாய். அடுத்தது ஈப்போ, முகம் கழுவல். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி ஓர் அறிவிப்பு: “பத்மா, மூளை கிளியர்லா! அறுபத்தஞ்சு வயசு, ஒண்ணுகூட விடல!”

பத்மாவதி தோசையைத் திருப்பிப் போடுகிறாள். செமோருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் குறைகிறது. கல்யாணமான புதிதில் அதைச் சொன்னதற்கு, “அங்கெல்லாம் வண்டி நிக்காது!” என்று எரிந்து விழுந்தார். ரயில்வே கிளார்க் சொன்னால் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள். அதுவும் ஆயிற்று முப்பத்தைந்து வருஷம்.

ஓய்வு பெற்ற மனிதர் சும்மா இருக்கக்கூடாதா? ஏதோ ஒரு ஞாயிறு இதழில் மறதி நோயைப் பற்றி அரைப்பக்கம் படித்தார். அன்றிலிருந்து பினாங்குத் தீவுக்கே மூளை நிபுணர் இவர்தான். பையில் ஓர் ஆப்பிள், ஒரு பேனாக்கத்தி, பாமாயில் என்கிற செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த வைட்டமின் ஈ மாத்திரைப் போத்தல்கள். லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி, ஆப்பிளை இரண்டாக நறுக்கி வைப்பார். சற்று நேரத்தில் அது பழுப்பேறும். “பாத்தீங்களா? ஆக்சிஜன்! நாம இழுக்கிற அதே காத்துதான். உள்ள போய்க் கெட்ட சரக்கை உண்டாக்கி, மூளை செல்லையெல்லாம் துருப்பிடிக்க வைக்குது. இந்த மாத்திரை துருவைத் தடுக்கும்லா.”

மசாலாக் கடை சீனி முகம்மது கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “அண்ணே, என் மூளை கிடக்கட்டும். கடைக் கதவு துருப்பிடிச்சுத் திறக்க மாட்டேங்குது, அதுக்கு ஏதாச்சும் இருக்கா?” என்றவர், ஆப்பிளை எடுத்துத் தின்றுவிட்டார்.

துருவோடு நின்றிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அடுத்து ஜீன் வந்தது. “பத்தொம்பதாவது குரோமோசோம்ல இருக்கு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் கெட்டதா அமைஞ்சா ஆள் குளோஸ்!” கிளினிக் டாக்டர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். “ரிஸ்க் கூடும், அவ்வளவுதான் அங்கிள். அந்த ஜீன் இருக்கிற எல்லாருக்கும் வராது, இல்லாதவங்களுக்கும் வருது. மாத்திரை தடுக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல.” ‘ரிஸ்க் கூடும்’ என்றதோடு தியாகராஜாவின் காது அடைத்துக்கொண்டது.

பழைய ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில், தீவிலுள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களையெல்லாம் வம்சம் வம்சமாகக் கோடு கிழித்து வரைந்தார். மறதி வந்தவரின் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். மகள் யோகலட்சுமிக்கு வரன் வந்தால் சாதகத்தை விரிப்பதற்குமுன் இந்தத் தாள் விரியும். மூன்று நல்ல வரன்கள் இப்படியே போயின. தன் குடும்பத் தாளில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு கிடையாது. அதன் உச்சியில் அவருடைய அப்பா: ‘தம்பு, மாரடைப்பு.’

யோகலட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது. தினமும் ஃபெரி ஏறி, அக்கரையிலுள்ள கெப்பாலா பத்தாஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்துகிறவள். அங்கே கூட வேலை செய்யும் குகனேசனைப் பிடித்திருக்கிறது என்று அவளே வாய் திறந்து சொன்னாள். தியாகராஜா விசாரித்தார். வந்தது சிவப்புப் பென்சில். “அவன் அம்மாவுக்கு மறதி. பிளட்ல இருக்கு. முடியாது.”

“எனக்கு மறதி வந்தா அவர் பாத்துக்குவாரு, அவருக்கு வந்தா நான் பாத்துக்குவேன். உங்களுக்கு என்னப்பா?” என்றாள் மகள். பிறகு அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். “இவர்தாம்மா. இல்லேன்னா இனிமே யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீங்க.” பத்மாவதி அன்று முழுக்கக் கெஞ்சியதில் தியாகராஜா இறங்கினார். “சரி, வரட்டும். சயின்டிபிக்கா சொல்லியே அனுப்பிடறேன்.”

சனிக்கிழமை குகனேசன் தன் தாய் கமலாம்பிகையைக் கைபிடித்து அழைத்து வந்தான். எழுபதை நெருங்கிய அம்மாள். கால்மணி நேரத்தில் பத்மாவதியின் பெயரை நான்கு தடவை கேட்டாள். நான்காவது தடவையும் பத்மாவதி முதல் தடவைபோலவே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு தடவையும் தியாகராஜா மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். போதாக்குறைக்கு, அந்த அம்மாளின் டீக் கோப்பைக்குப் பக்கத்திலேயே ஆப்பிளை நறுக்கி வைத்தார். சீ, இப்படியும் ஒரு மனிதர்!

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இது பரம்பரை மேட்டர். நம்ம குடும்பத்துல இதெல்லாம் கிடையாது. வேணும்னா என்னையே டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். பட்டர்வொர்த்தில் கிளம்பிய வண்டி எங்கும் தடுமாறவில்லை. “…சுங்கை சிப்புட், செமோர், ஈப்போ!”

“தஞ்சோங் ரம்புத்தானை விட்டுட்டீங்களே?” என்றாள் கமலாம்பிகை.

எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே மலேசியாவில் எல்லோருக்கும் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும்.

“எங்க அப்பா அங்கதான் ஸ்டேஷன் மாஸ்டர்” என்றவள் தியாகராஜாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் தெளிந்தது. “நீ தம்பு ஐயா மகன்தானே? அவருக்கு எல்லாம் மறந்து போச்சுன்னு அங்க பெரியாஸ்பத்திரியில விட்டிருந்தீங்க. மாசாமாசம் பிஸ்கட் டின்னோட வருவே. எங்க வீட்டுலதான் டீ குடிப்பே, அழுவே. அப்புறம் ஏன் தம்பி வரவே இல்ல? எங்க அப்பா பாக்கப் போறப்பல்லாம் உங்கப்பா கேப்பாராம். உன் பேரு வராது அவருக்கு. ‘அந்தப் பையன் வரலையா, அந்தப் பையன் வரலையா’ன்னு.”

பழுப்பேறிப்போன ஆப்பிள் துண்டுகளைத் தியாகராஜா மெல்லப் பைக்குள் தள்ளினார்.

பத்மாவதிக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். மூன்று குடும்பங்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு, சொந்த அப்பாவுக்கு ‘மாரடைப்பு’ என்று எழுதிய கை இது! புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குகனேசனிடம் கேட்டாள். “தம்பி, தை மாசம் வச்சுக்கலாமா? உங்களுக்கு லீவு கிடைக்கும்தானே?”

கமலாம்பிகை தான் பாதி குடித்த கோப்பையைத் தியாகராஜாவின் பக்கம் நகர்த்தினாள். “டீ குடி தம்பி. ஆறிடும்.”

விற்பதற்கென்று மேசைமேல் வைத்திருந்த போத்தலை அவர் திறந்தார். இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டு, அந்த எச்சில் டீயை எடுத்து மடமடவென்று குடித்தார்.