ஏழு பாகம் ஆழத்தில் ஒரு சிவப்பு

கடலுக்குள் இறங்கிப் படம் எடுப்பவனிடம் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, ஒரு வெள்ளைப் பலகை இருந்தாக வேண்டும். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் தின்னும். இறங்க இறங்க அந்தப் பலகையைக் கேமராவுக்குக் காட்டி, ‘தாயே, இதுதான் வெள்ளை’ என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். தவறினால் செக்கச்சிவந்த சங்கரா மீன்கூடச் சாம்பலாகத்தான் வரும். கடலடியில் படம் எடுக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

அவசரத்தில் எடுத்தது

பழவேற்காட்டுக்குக் கிழக்கே கடலில் ஓரிடத்தில் வலைகள் மாட்டிக் கிழிந்துகொண்டே இருந்தன. அடியில் என்ன கிடக்கிறது என்று படம் எடுத்துவர ஊரார் என்னை இறக்கினார்கள். ஏழு பாகம் ஆழம், அதாவது பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஃபைபர் படகு ஒருக்களித்துக் கிடந்தது. நம்பர் எழுதிய பக்கம் சேற்றுக்குள். நீரோட்டம் இழுத்த இழுப்பில், பலகையைக் காட்டாமலே சுட்டுத் தள்ளிவிட்டு மேலே வந்தேன். எல்லாம் ஒரே நீலம்.

ஐந்து மாதத்துக்கு முன் தனியாகக் கடலுக்குப் போய்த் திரும்பாத தேசப்பனின் படகோ என்று ஊருக்குச் சந்தேகம். அவர் மனைவி கன்னியம்மா இன்னும் பொட்டை அழிக்கவில்லை. ஆந்திராப் பக்கம் எங்கேயோ கரையேறியிருப்பார் என்பது அவர் நம்பிக்கை. படகு கிடைத்துவிட்டால் ஊரார் கருமாதி செய்து தாலியை இறக்கிவிடுவார்கள். என் கேமராவை வாங்கி உற்றுப் பார்த்தவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல்முறையாம். “எங்க போட்டு உள்பக்கம் செவப்பு தம்பி. இது வேற யாருதோ, பாவம்.”

மாரியின் பனியன்

ஊரார் விடவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன். பலகையைப் பொன்னேரி பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் என்பது நடுக்கடலில்தான் தெரிந்தது. படகோட்டி மாரி ஒரு தெர்மாகோல் துண்டை நீட்டினார். வெள்ளைதானே என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் அது கையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விட்டது. பின்னாலேயே நானும் தலையை நீட்டினேன். “உனுக்கு முன்ன உன் வெள்ளை வந்துடுச்சி நைனா!” என்றார் மாரி.

பிறகு போட்டிருந்த பனியனையே கழற்றிக் கொடுத்தார். பளிச்சென்று இருந்தது. அதைக் காட்டி எடுத்தால், படகு, சேறு, மீன் எல்லாமே மஞ்சள். மாரி வீட்டில் பனியனுக்கு நீலம் போட்டு அலசுகிறார்கள் என்பதைக் கரையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, அதைக் கழிப்பதற்காக மஞ்சளை அள்ளிக் கொட்டியிருக்கிறது. கன்னியம்மா இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவர் நிமிர்கிறவரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னா தம்பி, மஞ்சத் தண்ணி ஊத்திட்டு எடுத்தியா? இதுவும் எங்களுது இல்ல.”

மூன்றாவது முறை

புதுப் பலகை, அடங்கிய கடல், நல்ல தெளிவு. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. லைட் போட்டால் சேற்றுத்தூசி முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் படத்தில் விழும் என்பதால் அதை அணைத்தேன். படகின் உள்பக்கம் ஒரு முழம் அளவுக்குப் பாசியைத் துடைத்தேன். பலகையைப் பக்கத்தில் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பு வந்தது. மற்ற நாளாக இருந்தால் குதித்திருப்பேன். அன்று, பாழாய்ப்போன இந்தப் பலகையும் தொலைந்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் கன்னியம்மாவை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன். பிரஷ் இழுத்த கோடுவரை தெரிந்தது. விரலால் அதைத் தடவினார்.

“தூரத்துலருந்தே தெரியட்டும்னு நான்தான் செவப்பு அடிச்சேன் தம்பி. தெனம் கரையில நின்னு பாத்துகினே இருக்கேன்” என்றார். கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “ஊருக்கு நீலமா வந்துச்சே, அந்த மொத படத்தையே காட்டேன். இன்னும் கொஞ்ச நாளு கரையில நின்னு பாத்துகினு இருக்கேனே.”

நிறம் சரியாக வரவேண்டும் என்று பதினோரு வருடமாக சிலிண்டர் சுமக்கிற நான், அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் ஒரே நீலமாக வந்த அந்த முதல் படத்தைக் காட்டி, ‘இதற்குமேல் தெளிவாக எடுக்க எனக்குத் தெரியாது’ என்று கைவிரித்துவிட்டு வந்தேன்.